பிரிட்டனுக்கு ஒரு கன்டெய்னர், ஐரோப்பாவுக்கு இன்னொன்று

பிரிட்டனுக்குச் சரக்கு புக் பண்ணணும் என்று பாரிமுனையில் ஒரு ஃபார்வர்டரிடம், அதாவது சரக்கை அனுப்பிவைக்கும் ஏஜென்ட்டிடம், சொன்னால், விவரம் தெரிந்தவர் முதலில் கேட்பது இதைத்தான்: "சார், சரக்கு யூகேயிலயே நிக்குதா, இல்ல அங்கேர்ந்து உள்ள போகுதா?" உள்ளே என்றால் அயர்லாந்து, ஜெர்மனி, நெதர்லாந்து. 2020 டிசம்பர் வரைக்கும் இந்தக் கேள்விக்கு வேலையே இல்லை. ஃபீலிக்ஸ்டோவிலோ சவுதாம்ப்டனிலோ இறங்கி ஒரு முறை வரி கட்டிவிட்டால், டப்ளினுக்குப் போனாலும் பெர்லினுக்குப் போனாலும் யாரும் நிறுத்திக் கேட்க மாட்டார்கள். ஆங்கிலத்தில் கடிதம் எழுதலாம், பேசலாம், சொந்தக்காரர் யாராவது லண்டனில் இருப்பார். அதனாலேயே நம்மூர் தோல், துணி ஏற்றுமதிக்காரர்கள் பலருக்கு ஐரோப்பாவின் வாசல் பிரிட்டனாக இருந்தது.

அந்த வாசல் ஒரே நாளில் மூடவில்லை. மூடுகிறோம், இல்லை கொஞ்சம் பொறுங்கள், இன்னும் ஆறு மாதம் என்று நாலரை வருஷம் இழுத்தார்கள். பிரெக்ஸிட்டால், அதாவது பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதால், வந்த வரியைவிட, தேதி மாறிக்கொண்டே இருந்ததுதான் அதிகம் செலவு வைத்தது என்பது என் கட்சி. அதிலும் அடி வாங்கியது சோம்பேறிகள் இல்லை, சொன்ன தேதியை நம்பி முன்கூட்டியே தயாரானவர்கள். முகூர்த்தம் தள்ளிப்போனால் சமையல்காரருக்குக் கொடுத்த அட்வான்ஸ் திரும்பாது இல்லையா, அதே கணக்கு.

தேதிகளை மட்டும் வேகமாகப் பார்த்துவிடலாம். 2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் வெளியேற 51.9 சதவீதம், இருக்க 48.1. பிரதமர் கேமரூன் போய் தெரசா மே வந்தார். 2017 மார்ச் 29 அன்று விலகல் கடிதம் கொடுத்தார். அதோடு இரண்டு வருஷக் கெடிகாரம் ஓடத் தொடங்கியது. அவர் பேசிக் கொண்டுவந்த ஒப்பந்தத்தை 2019 ஜனவரி 15 அன்று நாடாளுமன்றத்தின் காமன்ஸ் சபை 432க்கு 202 என்று தூக்கி எறிந்தது. மார்ச்சில் இன்னும் இரண்டு முறை தோற்றது. விலகும் நாள் மார்ச் 29, பிறகு ஏப்ரல் 12, பிறகு அக்டோபர் 31, கடைசியில் 2020 ஜனவரி 31. அக்டோபர் 31 என்று தேதி பொறித்து அடித்த ஐம்பது பென்ஸ் நாணயங்களை அரசே உருக்க வேண்டி வந்தது. கப்பலே இல்லாத ஒரு நிறுவனத்துக்கு 13.8 மில்லியன் பவுண்டுக்குப் படகுப் போக்குவரத்து ஒப்பந்தம் கொடுத்து, பிறகு ரத்து செய்த கூத்தும் அந்தக் காலத்தில்தான். வெளியேறிய பிறகும் 2020 முடியும் வரை பழைய விதிகளே ஓடின. வர்த்தக ஒப்பந்தம் முடிவானது 2020 டிசம்பர் 24. ஆயிரத்து இருநூறு பக்கத்துக்கு மேல். அமல், ஜனவரி 1. கிறிஸ்துமஸ் லீவில் படித்து முடித்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்?

இனி நமக்கு வேண்டியது.

அந்த ஒப்பந்தத்தில் "பூஜ்ய வரி" என்று தலைப்புச் செய்தி வந்ததைப் பார்த்து, பழையபடி பிரிட்டனில் இறக்கி உள்ளே அனுப்பலாம் என்று நிறையப் பேர் நினைத்தார்கள். பூஜ்ய வரி பிரிட்டனிலோ ஐரோப்பிய ஒன்றியத்திலோ உருவான பொருளுக்கு மட்டும். திருப்பூரில் தைத்த சட்டை லண்டன் கிடங்கில் ஒரு வருஷம் கிடந்தாலும் அது இந்தியச் சட்டைதான். அங்கே இஸ்திரி போடுவது, லேபிள் மாற்றுவது, புது அட்டைப் பெட்டியில் அடுக்குவது எதுவும் உற்பத்தியாகக் கணக்கில் வராது என்று ஒப்பந்தமே பட்டியல் போட்டிருக்கிறது. இதில் பிரிட்டிஷ் கடைக்காரர்களே மாட்டிக்கொண்டார்கள். ஜெர்மனியில் செய்து பிரிட்டனுக்கு வந்த பன்றி வடிவ மிட்டாய், மறுபடி அயர்லாந்துக் கடைக்குப் போகும்போது வரிக் கேள்வியில் நின்றது 2021 ஜனவரியில் பெரிய செய்தி.

கணக்காகப் பார்த்தால்தான் வலி தெரியும். பருத்திச் சட்டை ஒரு லாட், பிரிட்டன் துறைமுகம் வந்து சேர்ந்த மதிப்பு 10,000 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். சலுகை எதுவும் கேட்காமல் முழு வரி 12 சதவீதம் என்றால் 1,200 பவுண்டு. அதன் மேல் 20 சதவீத வாட், அதாவது 2,240. வாட் பிறகு கணக்கில் கழிந்துவிடும், சுங்க வரி கழியாது. இப்போது பையர் அதே லாட்டை டப்ளின் கடைக்கு 14,000க்கு விற்கிறார். அயர்லாந்து எல்லையில் மறுபடி 12 சதவீதம், இந்த முறை 14,000 மேல்: 1,680. முதல் வரியைத் திருப்பிக் கேட்க முடியாது. மொத்தம் 2,880. கவனிக்க வேண்டியது, இரண்டாவது வரி பையர் வைத்த லாபத்தின் மேலும் விழுகிறது. பையர் அதைத் தன் தலையில் போட்டுக்கொள்ள மாட்டார். அடுத்த சீசனில் "ரேட்டைக் கொஞ்சம் குறைங்க" என்று நம்மிடம்தான் வருவார்.

இதற்கு மூன்று வழி உண்டு, மூன்றிலும் தொல்லை உண்டு. சுத்தமான வழி, சென்னையிலேயே சரக்கைப் பிரிப்பது. பிரிட்டன் பங்கு ஒரு கன்டெய்னர், ராட்டர்டாமுக்கோ ஹாம்பர்குக்கோ இன்னொன்று. இரண்டும் முழு கன்டெய்னர் நிரம்பினால் இதைவிட நல்லது கிடையாது. நாற்பது அடிப் பெட்டியில் அறுபதுக்கு நாற்பது என்று பிரிந்தால்தான் சிக்கல்: ஒன்றோ இரண்டோ எல்சிஎல்லாக, அதாவது மற்றவர் சரக்கோடு ஒரே பெட்டியில், போகும், கன மீட்டருக்குக் கட்டணம் ஏறும், சரக்கைப் பெட்டியில் ஏற்றி இறக்கும் சிஎஃப்எஸ் கிடங்கில் கூடுதல் கை படும், ஷூ பெட்டி நசுங்கும்.

இரண்டாவது, பிரிட்டனில் இறக்கி வரி கட்டாமல் பாண்டட் கிடங்கில் வைத்து, ஐரோப்பாவுக்குப் போகும் பங்கை மட்டும் டி-1 டிரான்சிட்டில் (வரி கட்டாத சரக்கைச் சுங்கத்துக்கு உத்தரவாதம் கொடுத்து எடுத்துப்போகும் ஆவணம்) அனுப்புவது. வரி ஒரே முறைதான். இதில் வழக்கமாக நடக்கும் கோளாறு ஒன்று. லாரி நேராகக் கடைக்காரரின் கிடங்குக்குப் போய் இறக்கிவிடும், போகிற இடத்துச் சுங்க ஆபீஸில் டி-1 முடிக்கப்படாமல் தொங்கும். சில வாரம் கழித்து அந்த வரி, டி-1 எடுத்தவரின் உத்தரவாதத் தொகையிலிருந்து பிடிக்கப்படும். அதனால் பையர் இந்த வழியைச் சொன்னால் டி-1 யார் பெயரில் எடுக்கிறார்கள் என்று மட்டும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். உங்கள் பெயராக இருக்கவே கூடாது.

மூன்றாவது, கிடங்கையே நெதர்லாந்துக்கு மாற்றுவது. அங்கே ஆர்ட்டிக்கிள் 23 உரிமம் இருந்தால் இறக்குமதி வாட்டைத் துறைமுகத்தில் ரொக்கமாகக் கட்ட வேண்டாம், வாட் கணக்கில் காட்டினால் போதும். பணம் முடங்காது. உள்ளூர் நிறுவனமோ வரிப் பிரதிநிதியோ வேண்டும், அவருக்கு ஃபீஸ் உண்டு. ஆனால் அங்கே வரி கட்டி வெளியே எடுத்த சரக்கை பிரிட்டனுக்குத் திருப்பினால் அதே இரட்டை வரிதான், திசை மட்டும் மாறும்.

பேப்பர்களில் பழைய பழக்கம் போகாததால் வரும் தவறுகள் இன்னும் ஓயவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஜிஎஸ்பி (வளரும் நாடுகளுக்கான வரிச் சலுகை) கேட்டால், 6,000 யூரோவுக்கு மேற்பட்ட சரக்குக்கு ரெக்ஸ் என்ற ஏற்றுமதியாளர் பதிவு உள்ளவர் இன்வாய்ஸில் ஆரிஜின் வாசகம், அதாவது பொருள் எந்த நாட்டில் உருவானது என்ற வாசகம், எழுத வேண்டும். பிரிட்டனுக்கு ரெக்ஸ் எண்ணே தேவையில்லை. அவர்கள் 2023 ஜூன் 19 முதல் தங்களுடைய சொந்தச் சலுகைத் திட்டமான டிசிடிஎஸ்ஸை நடத்துகிறார்கள், அதற்கான வாசகமும் தனி. ஐரோப்பிய வாசகத்தை அப்படியே காப்பி பண்ணி பிரிட்டன் இன்வாய்ஸில் ஒட்டினால் சலுகை மறுக்கப்படலாம். இரண்டு பக்கமும் சலுகை எல்லாப் பொருளுக்கும் கிடையாது, பட்டியல் அவ்வப்போது மாறும். ஆர்டர் எடுக்கும்போதே ஐரோப்பாவுக்கு டாரிக் என்ற வரித் தளத்திலும், பிரிட்டனுக்கு அவர்களுடைய டாரிஃப் தளத்திலும் பொருளின் சுங்கக் குறியீட்டு எண்ணைப் போட்டுப் பார்ப்பதுதான் ஒரே வழி.

அந்தக் குறியீட்டு எண்ணும் இப்போது இரண்டு. முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்க ஒன்று. நாம் இங்கே சுங்கத்துக்குக் கொடுக்கும் ஷிப்பிங் பில்லில் எட்டு இலக்கம், அவர்களிடம் பத்து. பிரிட்டன் 2021ல் தன் சொந்த வரி அட்டவணையைக் கொண்டுவந்தபோது 2 சதவீதத்துக்குக் கீழான வரிகளை எடுத்துவிட்டு மற்றதில் பலவற்றை 2, 4, 6 என்ற மாதிரிப் படிகளுக்குக் கீழ்நோக்கி வெட்டியது. ரப்பர் அல்லது பிளாஸ்டிக் அடி வைத்த பல ஷூக்களுக்கு ஐரோப்பாவில் 17 அல்லது 16.9 சதவீதம், பிரிட்டனில் 16. வித்தியாசம் சின்னதுதான், ஆனால் ஒரே விலைப் பட்டியலை இரண்டு பக்கமும் அனுப்புகிறவருக்கு அந்த ஒரு சதவீதம் லாபத்தில் தெரியும்.

இறக்குமதியாளருக்குச் சுங்கம் கொடுக்கும் ஈஓஆர்ஐ பதிவு எண்ணும் அப்படித்தான். ஜிபி என்று தொடங்கினால் பிரிட்டன், எக்ஸ்ஐ என்றால் வட அயர்லாந்து, ஐஈ, டிஈ, என்எல் என்றால் ஒன்றிய நாடு. ராட்டர்டாமுக்குப் போகும் பி.எல்.லில் (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது) கன்சைனியாக, அதாவது சரக்கைப் பெறுபவராக, லண்டன் கம்பெனியைப் போட்டு ஜிபி எண்ணைக் கொடுத்தால் அங்கே யாரும் கிளியர் செய்ய முடியாது. பி.எல். திருத்தம் வரும் வரை டெமரேஜ் எனும் தாமதக் கட்டணம் ஓடும். டிராஃப்ட் பி.எல். வரும்போது துறைமுகத்தின் நாடும் எண்ணின் முதல் இரண்டு எழுத்தும் பொருந்துகிறதா என்று பார்க்க அரை நிமிஷம் போதும். வட அயர்லாந்து தனிக் கதை. பெல்ஃபாஸ்ட் பிரிட்டனின் பகுதி, ஆனால் சரக்குக்கு ஐரோப்பிய விதி. 2023 பிப்ரவரியில் வின்ட்சர் ஏற்பாடு என்று ஒன்றைப் பேசி, அங்கேயே நிற்கும் சரக்குக்குப் பச்சைப் பாதை, ஒன்றியத்துக்குள் போகக்கூடியதற்குச் சிவப்புப் பாதை என்று பிரித்திருக்கிறார்கள். நேரடியாக பெல்ஃபாஸ்ட் ஆர்டர் வந்தால் அந்தப் பையரின் ஏஜென்ட் சொல்கிறபடி செய்வதே உத்தமம்.

தோல் ஆட்களுக்கு இதற்கு மேலும் ஒரு வேலை. பெரியமேடு, ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் எல்லோருக்கும் தெரிந்த குரோமியம் 6 (குரோமியத்தின் நச்சு வடிவம்) சோதனை. உடம்பில் படும் தோல் பொருளில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் எட்டக் கூடாது என்பது 2015 மே முதல் ஐரோப்பிய விதி. விலகிய பிறகு பிரிட்டன் அதையே யூகே ரீச் என்ற தன் ரசாயனச் சட்டத்தில் வைத்துக்கொண்டது. அளவு மாறவில்லை, பொறுப்பாளி மாறினார். முன்பு லண்டன் இறக்குமதியாளர் பெயரில் ஒரு ரிப்போர்ட் இருந்தால் கண்டம் முழுக்கச் செல்லும். இப்போது ஒன்றியத்துக்குள் இறக்குமதி செய்பவர் வேறு ஆள், அவர் தன் பெயரில் ரிப்போர்ட் கேட்கிறார். அடையாறு சிஎல்ஆர்ஐ (மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம்) மாதிரி லேபில் சாம்பிள் கொடுக்கும்போதே இரண்டு பையர் பெயருக்கும் வேண்டும் என்று சொல்லிவிட்டால் ஒரே சோதனையில் முடியுமா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

பாஸான தோல் அங்கே போய் ஃபெயிலாவதும் உண்டு, அதற்குக் காரணம் இருக்கிறது. பதனிடுவது குரோமியம் 3ல். சூடு, வறண்ட காற்று, வெளிச்சம் சேர்ந்தால் அதில் கொஞ்சம் 6 ஆக மாறும். மீன் எண்ணெய் மாதிரி நிறைவுறாத கொழுப்பைத் தோலை மிருதுவாக்கும் ஃபேட்லிக்கரில் போட்டிருந்தாலும், அமிலத்தைப் போக்கும் நியூட்ரலைசேஷனில் பி.எச். ஏற விட்டிருந்தாலும் இது வேகமாக நடக்கும். கொழும்பில் கப்பல் மாறக் காத்துக் கிடக்கும் கன்டெய்னருக்குள் சூட்டுக்குக் குறைவே இல்லை. ரீடேனிங்கில், அதாவது மறுபடி பதனிடும்போது, சில சதவீதம் தாவர டேனின் சேர்ப்பது நல்ல காப்பு. சோதனையும் சும்மா எடுக்காமல், 80 டிகிரியில் 24 மணி நேரம் உலர்சூட்டில் வைத்து முதிர வைத்த பிறகு எடுக்கச் சொல்லுங்கள். புது சாம்பிளில் பாஸ் வாங்குவது நமக்கு ஆறுதல் தருமே தவிர, சரக்கைக் காப்பாற்றாது.

சேஃப்டி ஷூ செய்கிறவர்கள் பட்ட பாடு வேறு. ஐரோப்பியத் தரமுத்திரையான சிஈக்குச் சான்றிதழ் கொடுத்த பிரிட்டிஷ் சோதனை நிறுவனங்களுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஒன்றியத்தில் அங்கீகாரம் போனது. ஷூ அதே ஷூ. சான்றிதழை ஒன்றியத்துக்குள் இருக்கும் நிறுவனத்துக்கு மாற்ற வேண்டும். அத்தோடு விடவில்லை: பெட்டிக்குள் போடும் உபயோகக் குறிப்புச் சீட்டில் சோதனை நிறுவனத்தின் பெயர், முகவரி, எண் இருக்கும், அதையும் புதிதாக அச்சடிக்க வேண்டும். பழைய சீட்டோடு போன ஷூவில் தையல், அடி, டோ கேப் எல்லாம் சரியாக இருந்தும் சீட்டு மட்டும் தப்பு.

மறுபக்கம் பிரிட்டன் சிஈக்குப் பதில் யூகேசிஏ என்று புது முத்திரை கொண்டுவந்தது. சொந்த முத்திரை வேண்டும் என்பது அரசியல், அதற்குக் கணக்குப் பார்க்கவில்லை. கெடு முதலில் 2021 முடிவு, பிறகு 2022, பிறகு 2024. 2023 ஆகஸ்டில், பல வகைப் பொருள்களுக்கு சிஈயே காலவரையின்றிச் செல்லும் என்று சொல்லிவிட்டார்கள். முதல் கெடுவை நம்பி அச்சிலும் டையிலும் யூகேசிஏ வெட்டியவர்களுக்கு அந்தச் செலவு போனதுதான். பிரிட்டனுக்கு உள்ளேயும் இதே நிலைதான். போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் 25 மில்லியன் பவுண்டுக்குச் சோதனைச் சாவடி கட்டினார்கள். ஐரோப்பாவிலிருந்து வரும் உணவுக்கான நேரடிச் சோதனையைப் பலமுறை தள்ளிப்போட்டு 2024 ஏப்ரல் 30ல்தான் தொடங்கினார்கள். அதற்கு அடுத்த வருஷமே, 2025 மே 19 அன்று, அந்தச் சோதனைகளில் பெரும்பாலானதைத் தேவையில்லாமல் ஆக்கும் ஒப்பந்தத்தைப் பேசலாம் என்று லண்டனில் கைகுலுக்கினார்கள். அவர்களுடைய பட்ஜெட் பொறுப்பு அலுவலகமே, விலகலால் நீண்ட காலத்தில் உற்பத்தித்திறன் 4 சதவீதம் குறையும் என்று கணக்கு வைத்திருக்கிறது.

பவுண்டு பற்றி ஒரு வார்த்தை. வாக்கு எண்ணிய இரவில் 1.50 டாலர் அருகில் இருந்த பவுண்டு 1.32 வரை சரிந்து 1985க்குப் பிறகான அடிமட்டத்தைத் தொட்டது. நமக்கு ஒரு பவுண்டுக்கு 8 ரூபாய் இறங்கினால் 50,000 பவுண்டு பில்லில் 4 லட்சம் போகும். அதற்காக ஆர்டர் முழுவதற்கும் பேங்கில் ஃபார்வர்ட் (பின்னால் வரும் பவுண்டுக்கு இன்றே ரேட்டை உறுதிசெய்யும் ஒப்பந்தம்) போடுவதும் ஆபத்து. ஆர்டர் கேன்சலானால் ஃபார்வர்டையும் கேன்சல் பண்ணி வித்தியாசத்தை பேங்குக்குக் கட்ட வேண்டும். உறுதியான பிஓ, அதாவது எழுத்தில் வந்த ஆர்டர், அளவுக்கு மட்டும் போடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

மயிலாப்பூரிலும் தி.நகரிலும் உட்கார்ந்து இன்ஸ்டாகிராமில் நகையும் புடவையும் விற்கிறவர்களுக்கும் இது உண்டு. 2021 ஜனவரி முதல் 135 பவுண்டுக்குள் இருக்கும் பார்சலுக்கு விற்பவரே பிரிட்டிஷ் வாட் வசூலித்துக் கட்ட வேண்டும். பெரிய ஆன்லைன் சந்தை வழியாக விற்றால் அது பார்த்துக்கொள்ளும், சொந்த வெப்சைட் என்றால் நீங்கள்தான் பதிவு செய்ய வேண்டும். ஒன்றியத்துக்கு 2021 ஜூலை முதல் ஐஓஎஸ்எஸ் என்று தனிப் பதிவு, வரம்பு 150 யூரோ. 2024 டிசம்பர் 13 முதல் ஒன்றியத்திலும் வட அயர்லாந்திலும் விற்கும் நுகர்பொருளுக்கு அங்கேயே முகவரி உள்ள பொறுப்பாளர் பெயர் வேண்டும். கவரிங் நகை விற்கும் தனி ஆளுக்கு இது தாங்காது. லண்டன், பர்மிங்காம் வாடிக்கையாளரோடு நிறுத்திக்கொள்வது அவமானம் இல்லை.

இப்போது எல்லோரும் கேட்பது 2025 ஜூலை 24ல் கையெழுத்தான இந்தியா பிரிட்டன் ஒப்பந்தம். துணிக்கு 12 சதவீதம் வரை, தோல் மற்றும் காலணிக்கு 16 சதவீதம் வரை இருந்த வரி பூஜ்யமாக வேண்டும் என்பது பேச்சு. நமக்கு நல்ல செய்திதான், பங்களாதேஷ் வரியில்லாமல் உள்ளே போய்க்கொண்டிருந்த சந்தை அது. பிரிட்டன் ஒன்றியத்தில் இருந்திருந்தால் இப்படித் தனியாகக் கையெழுத்துப் போட்டிருக்க முடியாது என்பதும் உண்மை. ஆனால் சரக்கு அங்கே இறங்கும் நாளில் ஒப்பந்தம் அமலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விலை சொல்லுங்கள். பூஜ்ய வரி ஆசையில் ஐரோப்பா பங்கையும் சேர்த்து பிரிட்டனில் இறக்கும் யோசனை கண்டிப்பாக வரும், பையரே சொல்வார். அந்தப் பூஜ்யம் பிரிட்டனின் டோவர் துறைமுகத்தோடு முடிகிறது. கடலைத் தாண்டினால் ஐரோப்பிய வரி முழுசாக நிற்கும்.

ஆரிஜினும் சும்மா வராது. வெட்டித் தைத்தது ஆம்பூரில் என்பதால் மட்டும் ஷூ இந்தியச் சரக்காகிவிடாது. சோல் சீனா, லைனிங் தைவான், மேல்தோல் பிரேசில் வெட் ப்ளூ (குரோமியத்தில் பதனிட்டு, முழுதாக முடிக்காத தோல்) என்றால் அந்த பொருளுக்கான விதியில் எவ்வளவு வெளிநாட்டுப் பொருள் அனுமதி என்று பார்க்க வேண்டும். ஸ்டைல் வாரியாக ஒரு காஸ்டிங் ஷீட், அதில் ஒவ்வொரு பொருளும் எந்த நாடு, என்ன விலை, எந்த பில் நம்பர் என்று எழுதி, பில் காப்பியோடு அந்த ஷிப்பிங் பில் ஃபைலிலேயே வையுங்கள். ஆரிஜினை உறுதிசெய்யச் சொல்லி அங்கிருந்து கேள்வி வருவது சரக்கு விற்றுத் தீர்ந்து, சோல் வாங்கிய அக்கவுண்டன்ட் வேலையை விட்டுப் போன பிறகாகத்தான் இருக்கும்.